கறுவும் கணக்கும்: முஹாஸபா மரபும் மூதூர் அனுபவமும்

ஒரு வரலாற்றுப் பாடவேளையில் பத்தாம் தர மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சேர், 2006இல எங்கட ஊரைத் துரத்தினது அவங்கள்தானே? பிறகு ஏன் நாம இன்னும் அவங்கட கடைக்குப் போறம்?"

அவன் 2006இல் பிறந்திருக்கவில்லை. அகதி முகாமில் வரிசையில் நின்றவனும் அல்லன். ஆயினும் அவனுடைய குரலில் இருந்த சூடு, அந்த வெயிலில் நடந்து வந்தவனுடைய சூடாகவே இருந்தது. "இது உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். "நீங்கதான் சேர், போன வருஷம்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் நடந்ததைச் சொல்லும்போது நடந்ததை மட்டுமா சொன்னேன்? என் நெஞ்சில் கிடந்ததையும் சேர்த்து அல்லவா அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறேன்? அந்தக் கேள்வி என்னைப் பழைய நூல்களிடம் அனுப்பியது. கோபத்தை விடுதல் என்பது நமது மரபில் வெறும் நல்லுரையாக இருக்கவில்லை. தன்னைத்தானே கணக்குப் பார்க்கும் ஒரு முறையாக, ஒரு கலையாகவே வளர்ந்து வந்திருக்கின்றது. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதனை நமது கொட்டியாரக் குடாக்கரையின் அண்மைக்கால வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

கோபத்தை அரபு மொழி பல சொற்களால் வேறுபடுத்துகின்றது. 'கழப்' என்பது மேலெழும் சினம். 'கைழ்' என்பது உள்ளே கொதித்து நிற்கும் சினம். 'ஹிக்த்' என்பது ஆறாமல் தங்கிவிட்ட பகை. தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. சினம் வேறு, வெகுளி வேறு, கறுவு வேறு. வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வெகுளாமைக்கு இன்னோர் அதிகாரமும் தனித்தனியே வைத்ததற்கும் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். சினம் வந்து போவது. கறுவு வந்து குடியிருப்பது.

திருக்குர்ஆனின் ஆலு இம்றான் அத்தியாயத்தின் 134ஆம் வசனம் நன்மக்களின் பண்புகளைக் கூறுமிடத்தில் மூன்று படிகளைக் காட்டுகின்றது. கொதிக்கும் சினத்தை விழுங்குதல் முதலாவது. மனிதரை மன்னித்தல் இரண்டாவது. அதற்கு மேல் நன்மை செய்தல் மூன்றாவது. சினத்தை விழுங்கியவர் எல்லோரும் மன்னித்தவர் அல்லர் என்பது இந்த வரிசையிலிருந்தே விளங்கும். நம்மிற் பலர் முதற்படியிலேயே நின்றுகொண்டு, மூன்றாம் படியில் நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

பழிசொல்லும் ஆன்மாவின் மீது, அதாவது தன்னைத்தானே குறைகாணும் உள்ளத்தின் மீது, குர்ஆன் சத்தியம் செய்கின்றது. மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் நீங்களே உங்களைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் போதித்ததாக வரும் செய்தியும் வாசகர்கள் அறிந்ததே. பின்வந்த மைமூன் இப்னு மிஹ்ரான் என்ற அறிஞர், வியாபாரப் பங்காளியிடம் கணக்குக் கேட்பதிலும் கடுமையாகத் தன்னிடம் கணக்குக் கேட்காதவன் பக்திமான் ஆகமாட்டான் என்ற பொருள்படக் கூறியதாகப் பதிவுண்டு. கணக்கு, பங்காளி, வரவு, செலவு என்று பேச்சு முழுவதும் கடைத்தெருவின் பேச்சாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பக்தாதில் ஒரு கணக்காளர்

இந்தக் கணக்கை ஒரு துறையாக வளர்த்தவர் ஹாரித் இப்னு அஸத். கி.பி. 781 அளவில் பஸராவில் பிறந்து பக்தாதில் வாழ்ந்து 857இல் காலமானவர். இடையறாது தன்னைக் கணக்குப் பார்த்ததால் 'அல்-முஹாஸிபி' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவருடைய 'அர்-ரிஆயா' என்னும் நூல் மனிதன் தன்னை ஏமாற்றும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவது. தீமை தீமையின் உடையில் வருமாயின் அடையாளம் காண்பது எளிது. அது நன்மையின் உடையில் வரும்போது என்ன செய்வது என்பதே அவருடைய பெருங்கவலை. மார்க்கத்துக்காகக் கோபப்படுகிறேன் என்பவன் உண்மையில் தன் பெயருக்காகக் கோபப்படுகிறானா? இதைத்தான் அவர் துருவித் துருவிப் பார்த்தார்.

அவருடைய காலமும் கோபம் நிறைந்த காலமே. 833இல் கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை ஏற்குமாறு அறிஞர்களை விசாரிக்கும் 'மிஹ்னா'வைத் தொடங்கி வைத்தார். அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சியில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையில் வாடிக் கசையடியும் பட்டார். பின்னர், தம்மை அடிப்பித்த முஃதஸிமை அவர் மன்னித்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தன் பொருட்டு இன்னொரு முஸ்லிம் வேதனை செய்யப்படுவதால் தனக்கு என்ன பயன் என்பதே அவருடைய நிலைப்பாடாக இருந்ததாம்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிதாக முடியும். ஆனால் வரலாறு அவ்விடத்தில் நிற்பதில்லை. முதுகை உரித்த அரசனை மன்னித்த அதே இமாம், தம் ஊரிலேயே வாழ்ந்த முஹாஸிபியோடு உடன்படவில்லை. தர்க்கவியலார்க்குப் பதில் எழுதப் புகுந்து அவர்களுடைய முறையையே முஹாஸிபி கையாண்டார் என்பது இமாமின் ஆட்சேபம். அந்த எதிர்ப்பின் காரணமாக முஹாஸிபி ஒதுங்கி வாழ நேர்ந்ததென்றும், அவருடைய ஜனாஸாத் தொழுகையில் நால்வரே கலந்துகொண்டனர் என்றும் எழுதப்பட்டுள்ளது. இருவரும் பெரியோர், இருவருடைய நோக்கத்தையும் நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆயினும் தொலைவிலிருந்து நம்மை அடித்தவனை மன்னிப்பதிலும் பக்கத்திலிருந்து நம்மோடு மாறுபடுபவனைப் பொறுப்பது கடினம் என்ற உண்மையை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. கொழும்பில் ஆளும் அரசுகள் நமக்குச் செய்ததை விரைவில் மறந்துவிடும் நாம், அடுத்த கிராமத்தான் செய்ததை மறக்க மறுப்பதும் இவ்வகைதான் போலும்.

கஸ்ஸாலி கண்ட வேர்

முஹாஸிபியின் நூல்களைத் தாம் படித்துப் பயன்பெற்றதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது தன்வரலாற்று நூலில் குறிப்பிட்டுள்ளார். 1058இல் தூஸ் நகரில் பிறந்து, 1091இல் பக்தாத் நிஸாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராகி, 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறியவர் அவர். ஏன் துறந்தார்? தாம் கற்பிப்பது எதற்காக என்று தம்மையே கேட்டார். இறைவனுக்காக அல்ல, புகழுக்காக என்று உள்ளிருந்து பதில் வந்தது. வகுப்பில் நாவெழாமல் போகுமளவுக்கு அந்தப் பதில் அவரை வருத்தியது. ஆசிரியத் தொழில் செய்வோர் அவருடைய வாழ்வில் இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அவருடைய இஹ்யா உலூமித்தீன் நாற்பது பாகங்களைக் கொண்டது. பத்துப் பத்தாக நான்கு பகுதிகளாக அமைந்தது. மூன்றாம் பகுதி மனிதனை அழிக்கும் குணங்களைப் பற்றியது. கோபம், கறுவு, பொறாமை ஆகிய மூன்றையும் அவர் அதில் ஒரே பாகத்தில் வைத்தார். காரணம் அவை மூன்றல்ல; ஒன்றின் மூன்று பருவங்கள். சினங்கொண்டவன் பழிதீர்க்க இயலாமையால் அதனை விழுங்குகிறான். விழுங்கிய சினம் உள்ளே போய்த் தங்கிக் கறுவாகின்றது. கறுவிலிருந்து பொறாமை பிறக்கின்றது. பகைவனுக்குத் துன்பம் வந்தால் மகிழ்தல், அவனோடு உறவறுத்தல், அவனை இழிவாக எண்ணுதல், புறம்பேசல், அவனுக்குரிய உரிமையைக் கொடாதிருத்தல் முதலியனவும் அதன் பிள்ளைகளே.

வல்லவனுடைய கோபம் வெளியே பாய்ந்து தீர்ந்துவிடும். இயலாதவனுடைய கோபம்தான் கறுவாகும். ஆகவே சிறுபான்மையினரிடமும் தோற்றவரிடமும் அகதிகளிடமும் கறுவு கூடுதலாகத் தங்குவதில் வியப்பில்லை. இதைச் சொல்வது அவர்களைப் பழிப்பதற்கல்ல. நோய் எவ்விடத்தில் பற்றும் என்பதை அறிவதற்கே.

கோபமே கூடாது என்று கஸ்ஸாலி கூறவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். அது அறவே இல்லாதவன் தன் குடும்பத்தையும் மார்க்கத்தையும் காக்க மாட்டான். அதுவும் ஒரு குறையே என்றார். அறிவின் கட்டுக்குள் நிற்கும் நடுநிலையே அவர் வேண்டியது.

மருந்தை அவர் நான்காம் பகுதியில் சொல்கிறார். அங்கே முஹாஸபா ஆறு படிகளாக விரிகின்றது. காலையில் உள்ளத்தோடு நிபந்தனை பேசுதல், பகலெல்லாம் அதனைக் கண்காணித்தல், நாள் முடிவில் கணக்குக் கேட்டல், குறை கண்டால் தண்டித்தல், மேலும் முயலச் செய்தல், இடைவிடாது கடிந்துரைத்தல். உள்ளம் முதலை வாங்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போன பங்காளி. மாலையில் திரும்பி வந்ததும் இலாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று அதனிடம் கேட்க வேண்டும்.

வாப்பா எங்கள் கடையில் ஒரு கடன் கொப்பி வைத்திருந்தார். இடப்பக்கத்தில் தரவேண்டியவர்கள், வலப்பக்கத்தில் தாம் கொடுக்க வேண்டியது. ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறவன் கடைக்காரன் அல்ல என்பார். கஸ்ஸாலியின் இப்பாகத்தை வாசித்தபோது எனக்கு அந்தக் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. ஊர்க் கதைகளை நாம் சொல்லும் முறையை எண்ணிப் பார்த்தேன். இடப்பக்கம் நிறைந்திருக்கின்றது. வலப்பக்கம் வெறுமையாக இருக்கின்றது.

தமிழுக்கு வந்த வழி

இச்சிந்தனை தமிழ் முஸ்லிம்களுக்கு நேற்று வந்ததல்ல. காதிரிய்யாத் தரீக்காவின் ஞானிகள் வழியாக அது தென்னகக் கரையிலிருந்து நமது கரைக்கும் வந்தது. கீழக்கரையின் மாப்பிள்ளை ஆலிம் எனப்பட்ட இமாமுல் அரூஸ் (1816-1898) இலங்கை முழுவதும் பயணஞ்செய்து, அரபுத்தமிழில் நூல்கள் எழுதி, பள்ளிவாசல்களையும் மக்தபுகளையும் உருவாக்கினார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, சமூகச் சீர்திருத்தவாதி என்றே பெரிதும் பேசப்படுகின்றார்; ஆனால் 'அஸ்ராருல் ஆலம்' என்ற ஞான நூலை எழுதியவரும் அவரே. நம் காலத்தில் இஹ்யாவின் பாகங்களைச் சிறு சிறு நூல்களாகத் தமிழில் தந்த மௌலவி எஸ். அப்துல் வஹ்ஹாப் பாகவி அவர்களுக்கு என் போன்ற அரபு அறியாதோர் மிகவும் கடமைப்பட்டுள்ளோம். இத்தனையும் நம் வீட்டு அலுமாரியில் இருந்தும், கறுவு நம் வீட்டு முற்றத்தில் எவ்வாறு வளர்ந்தது என்பதே கேள்வி.

நமது மண்ணின் கணக்கு

தமிழ், முஸ்லிம் உறவின் கசப்புக்கு நீண்ட வரலாறுண்டு. 1880களில் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரை இனத்தால் தமிழரே என வாதிட்டதும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும், 1915 கலவரத்தின் பின் சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் வாதாடியதும் இன்றும் நம் மேடைகளில் நேற்று நடந்ததுபோல் பேசப்படுகின்றன. ஆனால் சாமானியர்களைத் தொட்ட காயங்கள் 1985க்குப் பின்னரே கிழக்கில் பெருகின.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இவை நம் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூர வேண்டும்.

அதே 1990 ஆகஸ்ட் மாதத்தில், ஏறாவூருக்கு அடுத்ததாகவே, அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில் கோயிலிலும் பாடசாலையிலும் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கிருந்ததாகத் தப்பியோர் சாட்சியம் கூறியுள்ளனர். காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை மூன்றும் பத்து நாட்களுக்குள் நடந்தவை. என் வகுப்பில் முதல் இரண்டையும் பலமுறை சொல்லியிருக்கிறேன். மூன்றாவதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. அது என் கொப்பியில் இருக்கவே இல்லை. அதுதான் கறுவின் வேலை. அது பொய் சொல்வதில்லை; ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகின்றது.

தமிழ்ச் சமூகத்திலும் தன் கணக்கைத் தானே பார்க்கத் துணிந்தோர் இருந்தனர். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீட விரிவுரையாளர் ரஜனி திராணகம, தம் சகாக்களோடு சேர்ந்து 'முறிந்த பனை'யில் எல்லாத் தரப்பாரின் வன்முறையையும் எழுதினார். அவருடைய சொந்தச் சமூகத்தின் ஆயுததாரிகளும் அதில் தப்பவில்லை. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் பக்கக் கணக்கைப் பார்ப்பது எத்துணை ஆபத்தான தொழில் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் வடக்கு வெளியேற்றம் குறித்துப் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. முஸ்லிம் தலைமையோடு உடன்பாடும் எழுதப்பட்டது. மறு ஆண்டிலேயே மூதூரில் மீண்டும் மோதல். வாயால் சொன்ன வருத்தம் வழக்கமாக மாறவில்லையென்றால் அதன் ஆயுள் குறைவுதான்.

2006: ஒரே நாளில் இரு துயரங்கள்

2006 ஜூலைப் பிற்பகுதியில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை, ஆகஸ்ட் முதல் நாட்களில் மூதூருக்குள் வந்தது. மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அரபுக் கல்லூரியிலும் ஒதுங்கினர். ஒதுங்கிய இடங்களிலும் ஷெல்கள் விழுந்து உயிர்கள் போயின. 4ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தனர். வழியில் புலிகள் மறித்து ஆண்களை வேறாகப் பிரித்தனர். அந்த நடையில் நானும் இருந்தேன். வாப்பா சட்டைக்குள் கடன் கொப்பியை வைத்துக்கொண்டு வந்தார். அதில் பெயர் இருந்தவர்களில் பாதிப்பேர் சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்கள்.

அதே 4ஆம் திகதி, நாங்கள் விட்டுவந்த மூதூரில், பிரெஞ்சு நிவாரண நிறுவனம் ஒன்றின் ஊழியர் பதினேழு பேர் தமது அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ வந்த பிள்ளைகள். இன்றுவரை எவரும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை. ஒரே ஊர், ஒரே நாள். ஆயினும் நாங்கள் 4ஆம் திகதி என்றால் கந்தளாய் நடையை நினைக்கிறோம். அவர்கள் 4ஆம் திகதி என்றால் அந்தப் பதினேழு பேரை நினைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நினைப்பவர் எத்தனை பேர்?

செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கைக்கு வந்தது. நான் கந்தளாயில் ஒரு கூடாரத்தின் வாசலில் அமர்ந்து வானொலியில் அச்செய்தியைக் கேட்டேன். மகிழ்ந்தேன். ஊருக்குத் திரும்பலாம் என்ற மகிழ்ச்சி என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முஹாஸிபி சொன்ன வேஷம் அதுதான். அந்த மகிழ்ச்சிக்குள் இன்னொன்றும் இருந்தது. அவர்களும் ஓடட்டும், அவர்களுக்கும் தெரியட்டும் என்ற எண்ணம். பகைவன் துன்பத்தில் மகிழ்தலைக் கஸ்ஸாலி கறுவின் பிள்ளைகளுள் ஒன்றாக எழுதியிருப்பதைப் பல வருடங்களுக்குப் பின் வாசித்தபோது, எனக்கு அந்தக் கூடாரவாசல் கண்முன் வந்தது.

நாங்கள் ஒரு மாதமளவில் திரும்பினோம். சம்பூர் மக்களோ ஏப்ரல் குண்டுவீச்சிலிருந்தே சிதறத் தொடங்கி, வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடி, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் கிடந்தனர். 2007இல் அவர்களது நிலம் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் காணிகள் ஒதுக்கப்பட்டன. 2015இல்தான் நிலம் விடுவிக்கப்படத் தொடங்கியது. கடற்படை முகாமிருந்த இடம் 2016 மார்ச்சில் கிடைத்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள். எங்கள் ஊரிலிருந்து சில மைல் தொலைவில் பத்தாண்டு அகதிகள் இருந்தனர். நான் அந்த முகாம்களைத் தாண்டி பஸ்ஸில் போய்வந்தேன். இறங்கியதில்லை.

ஒரு நண்பர்

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் சம்பூர்ப் பகுதித் தமிழ் நண்பர். நோன்பு காலத்தில் ஸஹருக்கு என்னை எழுப்பிவிடுவது அவர்தான்; எனக்கு மணிக்கூட்டின் சத்தம் கேட்காது. 2004 டிசெம்பர் 26இல் கடல் எங்கள் கரையைத் தின்றபோது, மறுநாளே சைக்கிளில் வந்து வாப்பாவையும் உம்மாவையும் பார்த்துவிட்டுப் போனார்.

2006க்குப் பின் அவரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. இத்தனை நடந்தும் இவன் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது என் கறுவு. அவர் எந்தப் படையிலும் இருந்தவரல்லர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் எல்லாக் கணக்கையும் அவர் பெயரில் எழுதிவிட்டது. துப்பாக்கி தூக்கியவன் முகம் எனக்குத் தெரியாது; நண்பனின் முகம்தான் தெரியும். கறுவுக்கு ஒரு முகம் தேவை. கிடைத்த முகத்தில் அது ஒட்டிக்கொள்ளும்.

2016இல் ஓர் ஆசிரியர் கருத்தரங்கில் அவரைக் கண்டேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அவர்தான் முதலில் வந்தார். "மச்சான், வாப்பா எப்படி இருக்கிறார்?" என்றார். வாப்பா மௌத்தாகி ஐந்து வருடமாகிறது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னர் மெல்லச் சொன்னார்: "கிளிவெட்டி முகாமில இருக்கேக்க நீ ஒரு நாளாவது வருவாய் எண்டு பாத்தன் மச்சான்."

பத்து வருடங்களாக நான் அவர்மேல் வைத்திருந்த குற்றச்சாட்டும், அவர் என்மேல் வைத்திருந்ததும் ஒன்றேதான். வித்தியாசம் என்னவென்றால், நான் வீட்டில் இருந்துகொண்டு காத்திருந்தேன்; அவர் முகாமில் இருந்துகொண்டு காத்திருந்தார். அன்றிரவு இஷாவுக்குப் பின் நான் செய்ததுதான் என் வாழ்வில் முதல் முஹாஸபா. மிஸ்தஹ் என்ற உறவினர் தம் மகள்மீது சுமத்தப்பட்ட அவதூறில் சேர்ந்துகொண்டபோது, அவருக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்துவதாக அபூபக்கர் (ரலி) சத்தியம் செய்ததும், இறைவன் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்னும் கருத்துடைய சூரத்துந் நூர் வசனம் இறங்கியதும் அவர் மீண்டும் உதவத் தொடங்கியதும் எத்தனை குத்பாக்களில் கேட்டது! அது அன்றுதான் எனக்குக் கேட்டது.

விடுவது எது, விடாதது எது

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கோபத்தை விடு என்பது, நீதியை விடு என்பதாகிவிடாதா? பலம் உள்ளவன் இதைத்தானே எப்போதும் நமக்குச் சொல்கிறான்?

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். என் பங்கை நான் மன்னிக்கலாம். பிறர் பங்கை நான் மன்னிக்க எனக்கு உரிமையில்லை. அடியார்க்குரிய ஹக்கை உரியவர்தான் விட்டுக்கொடுக்க முடியும் என்பது நமது சட்டவியலின் அடிப்படை. அந்த நடையில் மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய், மறந்துவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? பதினேழு பேரின் பெற்றோரிடம் அதைச் சொல்ல அரசாங்கம்தான் யார்? விசாரணை, உண்மை, இழப்பீடு ஆகியவை வேறு கணக்கு. கறுவு இல்லாமலும் நீதி கேட்கலாம். சொல்லப்போனால் கறுவு இல்லாதவன்தான் இரு பக்க நீதியையும் கேட்பான்.

மன்னித்தல் என்றால் வலி மறைந்துவிடுதல் என்றும் எண்ண வேண்டாம். உஹதில் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, 630இல் மக்கா வெற்றிக்குப் பின்னர் வந்து இஸ்லாத்தை ஏற்றார். ஏற்றுக்கொள்ளப்பட்டார். பழிவாங்கப்படவில்லை. ஆனால் தம் பார்வையில் படாமல் இருக்க முடியுமா என்று நபியவர்கள் அவரிடம் கேட்டதாக ஹதீஸ் உண்டு. மன்னிப்பும் துயரமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

அண்மைய உதாரணம் ஒன்றையும் நோக்கலாம். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதி வரை கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பின்னர் ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டனர், பிற மதத்தவர் உட்பட. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. காலந்தாழ்ந்த சொல்தான். ஆயினும் சொல்லப்பட்டது. நமக்கு வந்த மன்னிப்பை எடைபோடும் நாம், நம்மிடமிருந்து போகவேண்டிய மன்னிப்புகள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறோமா? 2019 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் மடிந்தோரின் வீடுகளை நினைக்கும்போது இந்தக் கேள்வி எனக்கு இன்னும் கனக்கின்றது. செய்தவர் சிலர், அவர்களுடைய குற்றம் முழுச் சமூகத்தினதும் ஆகாது என்றோம். அது சரி. அதே நியாயத்தைச் சம்பூரானுக்கும் நாம் கொடுத்தோமா?

மீண்டும் வகுப்பறையில்

அந்த மாணவனுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுவாரம் கரும்பலகையை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் காத்தான்குடி, ஏறாவூர், வடக்கு வெளியேற்றம், மூதூர் நடை. மறு பக்கம் வீரமுனை, பதினேழு பேர், சம்பூரின் பத்தாண்டு. திகதிகளை எழுதினேன். யார் செய்தார்கள் என்பதில் தெளிவானதைத் தெளிவாகவும், சாட்சியம் மட்டும் உள்ளதைச் சாட்சியம் என்றும் சொன்னேன். எந்தப் பக்கம் பெரியது என்று கேட்கவில்லை.

பிள்ளைகள் நெடுநேரம் எழுதினார்கள். அவன் மட்டும் மறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், இது உண்மையா?" என்றான். "உண்மை" என்றேன். "அப்ப ஏன் போன வருஷம் சொல்லல்ல?"

"எனக்கு அப்போது சொல்ல மனம் வரவில்லை மகன்" என்றேன். ஆசிரியனாக இருபது வருடங்களில் ஒரு மாணவனிடம் நான் ஒப்புக்கொண்ட முதல் தவறு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஹஷ்ர் அத்தியாயத்தில், நமக்கு முன் சென்றோருக்காகப் பிரார்த்தித்து, நம் உள்ளங்களில் பகை தங்காதிருக்க வேண்டும் என்று இறைவனிடம் கேட்கும் துஆ ஒன்று வருகின்றது. அது விசுவாசிகளைக் குறித்தது என்பர். அயலாரையும் அதில் சேர்த்துக் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. என் கொப்பி இன்னும் முடியவில்லை. வலப்பக்கத்தில் சில வரிகளே எழுதியிருக்கிறேன். அந்த முகாம்களைத் தாண்டிப் போன பஸ் பயணங்களுக்கு இன்னும் கணக்கு எழுதவில்லை. நண்பர் இப்போது சம்பூரில் வீடு கட்டி முடித்துவிட்டார். அடுத்த விடுமுறையில் வரச் சொல்லியிருக்கிறார். இம்முறை போகவேண்டும்.